மன்றமும் அங்காடியும்

ஓர் ஊரின் இயல்பை அறிய விரும்புவோர் இரண்டு இடங்களுக்குச் சென்று பார்த்தல் வேண்டும். ஒன்று, அவ்வூரார் கூடிப் பேசும் மன்றம். மற்றொன்று, அவ்வூரார் கூடிப் பொருள் வாங்கும் அங்காடி. மன்றத்தில் ஊர் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறது என்பது தெரியும். அங்காடியில் ஊர் உண்மையில் எப்படி வாழ்கிறது என்பது தெரியும். இவ்விரண்டும் ஒன்றையொன்று அறிந்திருந்தால் ஊர் நலமாக இருக்கும். அறியாதிருந்தால் இரண்டும் கெடும்.

கொல்கத்தா மாநகரில் இவ்விரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. சௌரிங்கிப் பெருஞ்சாலையிலிருந்து கிழக்கே பிரியும் சுரேந்திரநாத் பானர்ஜி சாலையில் மாநகராட்சியின் தலைமை அலுவலகம் இருக்கிறது. அதற்குத் தெற்கே, செங்கல் நிறம் மாறாமல், மணிக்கூண்டுடன் நிற்பது ஹாக் அங்காடி. ஊரார் அதனை ‘நியூ மார்க்கெட்’ என்றே அழைப்பர். தோன்றி நூற்றைம்பது ஆண்டுகள் கடந்த பின்னும் ‘புதியது’ என்ற பெயர் அதனை விட்டு நீங்கவில்லை. இந்த அங்காடியை எங்கே எழுப்புவது, எப்படி எழுப்புவது, யாருக்காக எழுப்புவது என்று ஒரு நகரசபை ஆராய்ந்த வரலாற்றையே நாம் இன்று காணப் புகுகின்றோம்.

பொதுக் கட்டடம் ஒன்று எழுவதற்கு முன்பு அதன் மனையும் வரைபடமும் நகரசபையின் பார்வைக்கு வருதல் இன்று எங்கும் உள்ள வழக்கம். இதனை வெறும் அலுவலகச் சடங்கு என்று பலர் கருதுகின்றனர். கோப்பு வருகிறது, கையெழுத்து விழுகிறது, கோப்பு போகிறது என்று எண்ணுகின்றனர். மத்திய அரசின் அலுவலகமொன்றில் கோப்புகளை மொழிபெயர்த்தே காலங்கழிக்கும் நாமும் நெடுநாள் அவ்வாறுதான் எண்ணியிருந்தோம். ‘பொது உபயோகத்திற்கான கட்டடம்’ என்னும் தொடரை எத்தனை முறை எழுதியிருப்போம் என்பதற்குக் கணக்கில்லை. அத்தொடரில் உள்ள ‘பொது’ என்ற சொல் யாரைக் குறிக்கிறது என்று ஒருநாளும் நின்று கேட்டதில்லை. ஹாக் அங்காடியின் வரலாறு அக்கேள்வியை நம்முன் வைத்தது.

இக்கேள்வி தமிழருக்குப் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்தில் மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையே, மரநிழலில், நாளங்காடி அமைந்திருந்தது எனச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. கடலோரத்து வணிகரும் கைவினைஞரும் ஒரு பக்கம். அரசரும் பெருங்குடியினரும் மறு பக்கம். இருசாராரும் வந்து சேரத்தக்க நடுவிடத்தில் அங்காடி இருந்தது. பிற்காலத்தே, உத்திரமேரூர்ச் சபையார் 919, 921 ஆம் ஆண்டுகளில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், வெட்டுவித்த கல்வெட்டுகள் வாரியங்களைத் தேர்ந்தெடுக்கும் முறையை விரித்துரைக்கின்றன. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம் என்று பொதுப் பொருள்களைப் பார்க்கக் குழுக்கள் இருந்தன. கணக்குக் காட்டாதவர் மறுபடியும் வாரியத்தில் அமர இயலாது என்பது விதி. அச்சபை அனைவர்க்கும் இடமளித்த சபை அன்று. நிலமும் கல்வியும் உடையோரின் சபையே அது. எனினும், பொதுப்பொருளைப் பார்ப்பவர் பொதுவுக்கு விடை சொல்லுதல் வேண்டும் என்ற கருத்து அக்கல்லில் நிற்கிறது.

இனி கல்கத்தாவுக்கு வருவோம். 2001 ஆம் ஆண்டுவரை இந்நகரின் ஆங்கிலப் பெயர் அதுவாதலால், பழங்கதை கூறுமிடத்து நாமும் அப்பெயரையே ஆள்கின்றோம். கம்பெனியார் காலத்தில் இந்நகரம் திட்டமின்றி வளர்ந்தது. 1803 ஆம் ஆண்டில் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி பிரபு, இந்நகரின் தெருக்களும் வடிகால்களும் அங்காடிகளும் ஒழுங்கின்றிக் கிடப்பதைக் குறித்து ஒரு குறிப்பெழுதி, நகரைச் சீர்திருத்த ஒரு குழுவை அமைத்தார். 1817 இல் லாட்டரிக் குழு தோன்றியது. பரிசுச் சீட்டு விற்ற பணத்தைக் கொண்டு சாலைகள் போடப்பெற்றன, குளங்கள் வெட்டப்பெற்றன. நகரை அமைக்கும் பணம் வரியாக அன்றிச் சூதாகத் திரட்டப்பெற்ற காலம் அது. வரி கொடுப்பவன் கேள்வி கேட்பான். சீட்டு வாங்குபவன் பரிசு விழுந்ததா என்று மட்டுமே கேட்பான்.

அங்காடிகளோ தனியார் கையில் இருந்தன. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், வெனிஸ் நகரத்தவரான டிரெட்டா என்பவர் கல்கத்தாவின் தெருக்களையும் கட்டடங்களையும் மேற்பார்க்கும் கம்பெனி அதிகாரியாக இருந்தார். அவரே ஓர் அங்காடிக்கு உரிமையாளராகவும் இருந்தார். அவர் பெயரால் ‘டிரெட்டா பஜார்’ இன்றும் வழங்குகிறது. கட்டடங்களை மேற்பார்ப்பவரே கட்டடத்துக்கு உரிமையாளர் என்றால், மேற்பார்வை எத்தகையதாக இருந்திருக்கும் என்பதை நேயர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

1863 ஆம் ஆண்டின் சட்டம் ஒரு மாற்றத்தைக் கொணர்ந்தது. நகரின் நிர்வாகம் ‘ஜஸ்டிஸ்’ எனப்பட்ட நியமன உறுப்பினர் கொண்ட சபையிடம் ஒப்படைக்கப்பெற்றது. அவருள் ஆங்கிலேயரும் இருந்தனர், இந்தியரும் இருந்தனர். ஆனால் ஒருவரேனும் வாக்கால் வந்தவர் அல்லர். அனைவரும் அரசு அமர்த்தியவர்களே. இச்சபையின் பணியைக் குறைத்துக் கூறுதல் நீதியன்று. ஹூக்ளி ஆற்று நீரைப் பல்டா என்னுமிடத்தில் வடிகட்டி நகருக்குக் கொணர்ந்ததும், நிலத்தடி வடிகால் வேலையை முன்னெடுத்துச் சென்றதும் இச்சபையே. காலராவால் மடிந்துகொண்டிருந்த நகருக்குக் குழாய்நீர் கிடைத்தது. அச்சபையின் தலைவராக விளங்கியவர் ஸ்டூவர்ட் ஹாக். அவரே நகரின் போலீஸ் கமிஷனரும் ஆவார். வரி விதிப்பவரும் காவல் செய்பவரும் ஒருவரே என்ற நிலையை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

ஆங்கிலேயக் குடியிருப்பினர் சுதேசிகளோடு ஒரே அங்காடியில் நெருக்குண்டு பொருள் வாங்குவதை விரும்பவில்லை. தூய்மையில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். அக்காரணம் பொய்யன்று, பழைய அங்காடிகளில் வடிகால் இல்லை, காற்றில்லை, இறைச்சியும் மீனும் ஈரத்தரையில் கிடந்தன. ஆனால் சொன்ன காரணத்துக்குப் பின்னே சொல்லாத காரணமும் இருந்தது. தமக்கென்று தனி அங்காடி வேண்டும் என்பதே அது. 1871 இல் நகரசபையின் குழு ஒன்று இதனை ஆராயத் தொடங்கியது. லிண்ட்சே தெருவில் ஃபென்விக் பஜார் என்றொரு பழைய சந்தை இருந்தது. அம்மனை வாங்கப்பெற்றது; பழைய சந்தை இடிக்கப்பெற்றது. கிழக்கிந்திய ரயில்வேக் கம்பெனியின் கட்டடக் கலைஞரான ரிச்சர்ட் ராஸ்கெல் பேய்ன் வரைந்த படம் ஏற்கப்பெற்றது. அவருக்கு 1,000 ரூபாய் பரிசளிக்கப்பெற்றது. 1874 ஜனவரி 1 ஆம் நாள் அங்காடி திறக்கப்பெற்றது.

வரைபடத்தின் குணங்களை முதலில் கூறிவிடுவோம். செங்கல்லால் ஆன கோதிக் பாணிக் கட்டடம் அது. பொருள்வாரியாகக் கடைகள் வரிசை வரிசையாகப் பிரிக்கப்பெற்றன. முன்வாயிலருகே பூக்கடைகள், பின்னே உணவுப் பொருள்கள், அதற்கும் பின்னே காய்கறிகள், கடைக்கோடியில் மீனும் இறைச்சியும். நுழைபவர் மணத்தோடு நுழைவர்; நாற்றம் வாயிலுக்கு வாராது. இவ்வொழுங்கு அந்நாளில் பெரிய முன்னேற்றமே. ஒரு நகரசபை தன் பணத்தில், தன் மனையில், தன் பொறுப்பில் அங்காடி அமைத்தது இந்நகரில் அதுவே முதன்முறை.

குறை வரைபடத்தில் இல்லை, ஆராய்ச்சியில் இருந்தது. மனையைத் தேர்ந்தபோது அருகிலேயே, தரும்தலாத் தெருவில், வேறொரு பெரிய அங்காடி நடைபெற்று வந்தது. அதன் உரிமையாளர் செல்வரான ஹீராலால் சீல். கூப்பிடு தூரத்தில் நகரசபையே ஒரு போட்டி அங்காடியைத் திறந்தால் என்னாகும் என்பது மனை ஆராய்ச்சியில் முதலில் எழவேண்டிய வினா. விளைந்தது என்னவெனில், இரண்டு அங்காடிகளுக்குமிடையே வணிகரை இழுக்கும் பெரும்போர். வழக்கும் வாதமும் வளர்ந்தன. முடிவில் நகரசபை தரும்தலா அங்காடியை 7 இலட்சம் ரூபாய் கொடுத்து விலைக்கு வாங்கிப் போரை முடித்தது. அந்நாளைய 7 இலட்சம் இந்நாளில் எத்தனை மடங்காகும் என்பதை எண்ணிப் பாருங்கள். அத்தொகை முழுவதும் நகரத்தாரின் பணம்.

அந்நகரத்தார் யார்? வரி செலுத்தியோருள் பெரும்பாலோர் இந்தியர். அங்காடியோ ஆங்கிலேயரின் வசதியை முன்னிட்டு எழுந்தது. இடிந்துபோன பழைய சந்தையில் கூடை வைத்திருந்த எளியவருக்குச் சபையில் நாற்காலி இல்லை; வாக்கும் இல்லை. வரிப்பணம் கொடுத்தவருக்கும் வாக்கில்லை. 1876 ஆம் ஆண்டின் சட்டந்தான் வரிசெலுத்துவோருக்கு முதன்முதலாக வாக்குரிமை அளித்தது. அதன்படி 72 உறுப்பினருள் 48 பேர் தேர்ந்தெடுக்கப்படுவோர். 24 பேர் நியமனம் பெறுவோர். அங்காடி திறந்த பின் இரண்டாண்டு கழித்து வந்தது இவ்வுரிமை. கட்டடம் முதலில் எழுந்தது. கேள்வி கேட்கும் உரிமை பிறகு வந்தது. முறை தலைகீழானது என்பதே இவ்வரலாற்றின் உட்கருத்து.

ஆயினும் காலம் ஒரு வேடிக்கை செய்தது. ஒருசாராருக்கென எழுந்த அங்காடி எல்லாருக்கும் உரியதாயிற்று. வங்காளியரும் மார்வாரிகளும் வந்தனர். ஆர்மீனியரும் சீனரும் வந்தனர். யூதக் குடும்பம் ஒன்று நடத்தும் ரொட்டிக்கடை 1916 முதல் அங்கே புகழோடு நின்றது. தென்னாட்டிலிருந்து கணக்கெழுதவும் தட்டச்சு செய்யவும் வந்த நம்மவரும் விழாக்காலத்தில் அங்கேதான் துணி வாங்கினர். 1903 டிசம்பர் 2 ஆம் நாள் அதற்கு ‘சர் ஸ்டூவர்ட் ஹாக் அங்காடி’ எனப் பெயர் சூட்டப்பெற்றது. 1909 இல் 6 இலட்சம் ரூபாய்ச் செலவில் வடபகுதி எழுந்தது. பெயர் அதிகாரியினுடையதாயினும், பயன் மக்களுடையதாயிற்று. பொதுக் கட்டடம் என்பது கட்டுபவர் கருத்தால் மட்டும் அமைவதன்று. புழங்குபவர் காலாலும் அமைவது.

மன்றத்தின் கதையையும் சுருக்கமாகக் கூறுவோம். 1899 இல் வந்த மெக்கன்ஸி சட்டம் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினரின் எண்ணிக்கையை 50 இலிருந்து 25 ஆகக் குறைத்தது. அதனை எதிர்த்துச் சுரேந்திரநாத் பானர்ஜி முதலாக 28 உறுப்பினர் பதவி துறந்தனர். ஏறத்தாழக் கால் நூற்றாண்டு கழித்து, அதே சுரேந்திரநாதர் வங்காளத்தின் அமைச்சராக அமர்ந்து 1923 ஆம் ஆண்டின் மாநகராட்சிச் சட்டத்தைக் கொணர்ந்தார். மக்கள் பிரதிநிதிகளின் கைக்கு மன்றம் திரும்பியது. பெண்களுக்கும் அதில் இடம் பிறந்தது. 1924 இல் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் முதல் மேயரானார். இளைஞர் சுபாஷ் சந்திர போஸ் தலைமை நிர்வாக அதிகாரியானார். அன்று பதவி துறந்தவரின் பெயரே இன்று மாநகராட்சி அலுவலகம் நிற்கும் சாலைக்கு வழங்குகிறது.

இவ்விடைக்காலத்தில் நிகழ்ந்த ஒரு செய்தி தமிழருக்கு நெருங்கியது. ஸ்காட்லாந்து நாட்டறிஞர் பாட்ரிக் கெடிஸ், நகரமைப்பு என்னும் கலைக்கு உலகப் புகழ் தேடித் தந்தவர். சென்னை கவர்னர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பை ஏற்று இந்தியாவுக்கு வந்தார். தம் நகரமைப்புக் கண்காட்சிக்கான படங்களையும் வரைபடங்களையும் வேறொரு கப்பலில் அனுப்பியிருந்தார். 1914 இல் அக்கப்பலை ஜெர்மானியரின் எம்டன் மூழ்கடித்துவிட்டது. சென்னைத் துறைமுகத்தின் மேல் குண்டு வீசிய அதே எம்டன்தான். கெடிஸ் தளரவில்லை. நண்பர்கள் புதிதாகத் திரட்டியனுப்பிய படங்களைக் கொண்டு 1915 இல் சென்னையில் கண்காட்சியை நடத்தினார். பின்னர் தஞ்சை, மதுரை, கும்பகோணம், நாகப்பட்டினம், கோவை முதலிய ஊர்களைத் தெருத்தெருவாக நடந்து பார்த்து அறிக்கைகள் எழுதினார்.

தஞ்சை அறிக்கையில் அவர் வற்புறுத்திய கொள்கையைத் தமிழில் ‘காக்கும் அறுவை’ எனலாம். நெருக்கமான பகுதியைத் திருத்தப் புகும் பொறியாளர், காகிதத்தில் கோலை வைத்து நேர்க்கோடு இழுத்து அகன்ற சாலை போடுவார். அக்கோட்டின்கீழ் அகப்பட்ட வீடுகள் இடியும். அவ்வீட்டார் வேறெங்கோ சென்று முன்னினும் நெருக்கமாக வாழ்வர். கெடிஸ் கூறியதோ வேறு. பழுதான வீட்டை மட்டும் நீக்குக. அந்தச் சிறு வெளியில் மரம் நடுக. சந்து வளைந்தால் வளைந்தே இருக்கட்டும். நல்ல வைத்தியன் கட்டியை மட்டும் அறுப்பான்; கையை வெட்டமாட்டான்.

இக்கெடிஸையே கல்கத்தா மாநகராட்சி அழைத்தது. 1911 ஆம் ஆண்டின் சட்டத்தால் தோன்றிய நகரச் சீரமைப்பு டிரஸ்ட், பெரும் சாலைகளை வெட்டி நகரைத் திருத்தும் பணியில் ஈடுபட்டிருந்தது. வணிகத்தின் இதயமாகிய பாராபஜார்ப் பகுதிக்கு என்ன செய்வது என்று கேட்டறிய மாநகராட்சி விரும்பியது. கெடிஸ் 1919 இல் தம் அறிக்கையை மாநகராட்சியிடம் அளித்தார். கிடங்கு எங்கே, வண்டி வரும் வழி எங்கே, நடப்பவன் வழி எங்கே, குடியிருப்பவன் வீடு எங்கே என்பவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தாலன்றி ஓர் அங்காடிப் பகுதியைத் திருத்த இயலாது என்பதே அவர் ஆராய்ச்சியின் போக்கு. பிறர் வரைந்த திட்டத்தை ஒரு நகரசபை அப்படியே ஏற்காமல், மற்றோர் அறிஞரின் கண்ணால் மீண்டும் பார்க்க விரும்பியது போற்றத்தக்கது. 1871 இல் கேட்கப்படாத கேள்விகள் 1919 இல் கேட்கப்பட்டன.

இப்பொழுது நம் சென்னையை நினைப்போம். ஹாக் அங்காடிக்கு அங்கே ஓர் உடன்பிறப்பு இருந்தது. பாப்ஹாம் பிராட்வேயின் நெருக்கமான சந்தைக்கு மாற்றாக, சென்ட்ரல் நிலையத்தின் அருகே மூர் மார்க்கெட் எழுப்பப்பெற்றது. நகரசபைத் தலைவர் சர் ஜார்ஜ் மூர் 1898 இல் அடிக்கல் நாட்டினார். 1900 இல் அது திறக்கப்பெற்றது. அதுவும் செங்கல் நிறத்தது; அதுவும் நகரசபைத் தலைவர் ஒருவரின் பெயர் தாங்கியது; பின்னாளில் ரிப்பன் மாளிகை எழுந்தபோது அதுவும் மன்றத்துக்கு அண்டை வீடாயிற்று. பழைய புத்தகம், இசைத்தட்டு, பொம்மை, கூண்டுக்கிளி எல்லாம் அங்கே கிடைத்தன. ஏழை மாணவர் பலரின் நூலகம் அதுவே. இன்று கொல்கத்தாவிலும் மும்பையிலும் டில்லியிலும் வாழும் முதிய தமிழருள், மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய புத்தகமேனும் பேரம் பேசி வாங்காதவர் அரியர்.

1985 ஆம் ஆண்டு இவ்விரு அங்காடிகளுக்கும் பொல்லாத ஆண்டாயிற்று. அவ்வாண்டு மே 30 ஆம் நாள் மூர் மார்க்கெட் தீக்கிரையாயிற்று. டிசம்பர் 13 ஆம் நாள் ஹாக் அங்காடியின் ஒரு பகுதி தீக்கிரையாயிற்று. ஏழு மாதத்துக்குள் இரு நகரத்து மன்றங்களும் ஒரே வினாவைச் சந்தித்தன: வெறுமையான இம்மனையில் இனி என்ன எழ வேண்டும்?

சென்னையில் அம்மனை இரயில்வேக்குச் சென்றது. புறநகர் இரயில்களுக்கான நிலையமும் முன்பதிவு அலுவலகமும் அங்கே எழுந்தன. வணிகருக்கு அருகே அல்லிக்குளத்தில் வேறு வளாகம் அமைக்கப்பெற்றது. புறநகர் நிலையத்தின் பயனை நாம் மறுக்கவில்லை. நாள்தோறும் பெருந்திரள் மக்கள் அதனால் வேலைக்குச் செல்கின்றனர். ஆனால் அங்காடி போன பின் பெயர் மட்டும் நின்றது. நிலையத்தின் முகப்பில் மூர் மார்க்கெட்டின் சிறு உருவம் ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு காலத்தில் அதன் தாழ்வாரத்தில் நடந்தவர்கள் இன்று அவ்வுருவத்தைக் குனிந்து பார்க்கிறார்கள்.

கொல்கத்தாவில் எரிந்த பகுதியில் புதிய பல மாடிக் கட்டடம் எழுந்தது. அது அங்காடியாகவே எழுந்தது. எரியாத பழைய பகுதி காக்கப்பெற்றது. புதுப்பகுதியின் அழகு பழையதன் அழகுக்கு ஈடாகாது என்பார் உளர். அதனை மறுப்பதும் அரிது. ஆயினும் அதே மனையில் அதே தொழில் தொடர்ந்தது. பூக்காரர் பூவே விற்றனர். கூடை சுமக்கும் கூலியாள் அதே வாயிலில் நின்றார்.

உலகின் பிற நகரங்களும் இவ்வினாவைச் சந்தித்துள்ளன. பாரிஸ் நகரின் பெயர்பெற்ற மைய அங்காடி, 1969 இல் நகருக்கு வெளியே மாற்றப்பெற்றது. அதன் இரும்புக் கூடங்கள் 1971 இல் இடிக்கப்பெற்றன. பாரிஸ் மக்கள் பின்னர் நெடுநாள் வருந்தினர். இலண்டன் கோவென்ட் கார்டன் அங்காடி 1974 இல் இடம் மாறியது. அங்கும் சுற்றுப்புறத்தைப் பெரிதும் இடிக்கும் திட்டம் இருந்தது. அப்பகுதிக் குடியிருப்பினர் ஒன்றுகூடி எதிர்த்தனர், திட்டம் நின்றது, பழைய கூடம் செப்பனிடப்பெற்று 1980 இல் மீண்டும் திறக்கப்பெற்றது. பாரிஸில் இல்லாத செல்வமா இலண்டனில் இருந்தது? இல்லை. உரிய நேரத்தில் உரியவர் வாய் திறந்ததே வேறுபாடு.

வாய் திறப்பதற்கு இன்று நம் நாட்டில் சட்டத்தின் துணை உண்டு. 1992 இல் நிறைவேறி 1993 இல் நடைமுறைக்கு வந்த 74 ஆவது அரசியலமைப்புத் திருத்தம், நகரமைப்பையும் நிலப் பயன்பாட்டையும் கட்டட ஒழுங்கையும் நகரசபைகளின் பணிப் பட்டியலில் முதலிலேயே வைத்துள்ளது. மூன்று இலட்சமும் அதற்கு மேலும் மக்கள் வாழும் நகரங்களில் வார்டுக் குழுக்கள் அமைதல் வேண்டும் என்கிறது. கொல்கத்தா மாநகராட்சிக்கு 1980 ஆம் ஆண்டின் சட்டம் உண்டு. கட்டட வரைபடங்களைப் பார்க்க ஒரு குழுவும், மரபுக் கட்டடங்களைப் பார்க்க ஒரு குழுவும் உண்டு. 2014 ஆம் ஆண்டின் தெருவோர வணிகர் சட்டப்படி, நகர வணிகக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பங்குக்குக் குறையாமல் வணிகரின் பிரதிநிதிகள் இருத்தல் வேண்டும். அவருள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருத்தல் வேண்டும். ஃபென்விக் பஜாரின் கூடைக்காரிக்கு இல்லாத நாற்காலி இன்றைய கூடைக்காரிக்குச் சட்டத்தில் உண்டு. அந்நாற்காலியில் அவள் அமர்கிறாளா என்பது வேறு வினா.

இவ்விடத்தில் நாமே கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கூற விரும்புகின்றோம். நகரின் தென்பகுதியில், நம்மவர் வாழையிலைக்கும் கதம்பத்துக்கும் காப்பித்தூளுக்கும் செல்லும் கடைவீதி ஒன்றில், பழைய கூரையை நீக்கிப் புதுக் கட்டடம் எழுப்பும் பேச்சு நடந்தது. எந்தக் கடைவீதி என்பது இங்கே வேண்டுவதில்லை. வரைபடம் ஒன்று பலகையில் ஒட்டப்பட்டிருந்தது. எழுத்தெல்லாம் ஆங்கிலத்திலும் வங்காளத்திலும் இருந்தது. சேலத்துப் பக்கத்திலிருந்து பல ஆண்டுகளுக்கு முன் வந்து அங்கே பூக்கட்டி விற்கும் அம்மையார் ஒருவர் நம்மை அழைத்தார். “சாமி, நீங்க ஆபீசுல எழுத்து வேலை பாக்கறவரு. இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க” என்றார்.

நாம் படித்துச் சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு நான்கு கேள்விகள் கேட்டார். குழாய் எந்தப் பக்கம் வருகிறது? மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்? விடியற்காலையில் வரும் பூக்கூடையை எங்கே இறக்குவது? கட்டடம் முடியும்வரை நாங்கள் எங்கே உட்காருவது? வரைபடத்தில் மின்தூக்கி இருந்தது. வண்டி நிறுத்துமிடம் இருந்தது. முகப்பின் கண்ணாடி எத்தனை அடி என்பதும் இருந்தது. அம்மையாரின் நான்கு கேள்விகளுள் ஒன்றுக்கும் அதில் விடையில்லை. நாம் தலைகுனிந்து நின்றோம்.

அவர் எழுத்தறியாதவர். கெடிஸின் பெயரை அவர் கேட்டதில்லை. ஆனால் 1919 இல் அவ்வறிஞர் பாராபஜாரைக் குறித்துக் கேட்ட கேள்விகளும் இவர் கேட்ட கேள்விகளும் ஒரே இனத்தவை. மன்றத்தில் கேட்கப்பட வேண்டிய கேள்விகள் அங்காடியின் தரையில் கிடந்தன. எடுத்துச் செல்வார் இல்லை. அன்று மாலை அக்கேள்விகளை ஆங்கிலத்தில் எழுதி, அம்மையாரும் அருகிலிருந்த வங்காளி வணிகர் சிலரும் கைந்நாட்டும் கையெழுத்தும் இட, வார்டு உறுப்பினரின் அலுவலகத்தில் சேர்ப்பித்தோம். இருபது ஆண்டுகளாக மொழிபெயர்த்த கோப்புகள் அனைத்தினும் அந்த ஒரு தாளே பயனுள்ளதென இன்றும் எண்ணுகின்றோம். விடை உடனே வந்துவிடவில்லை. ஆனால் அடுத்து ஒட்டப்பெற்ற படத்தில் குழாயும் வடிகாலும் குறிக்கப்பட்டிருந்தன. மற்றிரண்டு கேள்விகள் இன்னும் நிற்கின்றன.

வெளிமாநிலங்களில் வாழும் தமிழராகிய நம்மிடம் ஒரு குறை உண்டு. சங்கம் அமைக்கின்றோம், சபா நடத்துகின்றோம், கோயில் கட்டுகின்றோம், பள்ளி கூட நிறுவுகின்றோம். ஆனால் நகரசபை என்றால், “இது நம் ஊர் அன்று, நமக்கென்ன?” என்று ஒதுங்கி விடுகின்றோம். வீட்டுவரி கட்டுகின்றோம், தண்ணீர் குடிக்கின்றோம், தெருவில் நடக்கின்றோம், பிள்ளைகளை இங்கேயே வளர்க்கின்றோம். தாத்தா வந்து இறங்கிய நகரத்தில் பேரன் வாழும்போதும் ‘நமக்கென்ன’ என்னும் சொல் நம் நாவை விட்டு நீங்கவில்லை. வார்டுக் கூட்டம் நடக்கும் நாளில் நாம் கச்சேரிக்குச் சென்றுவிடுகின்றோம். பிறகு அங்காடி இடிந்தபோது மட்டும், பழைய நாளை எண்ணி ஏங்குகின்றோம்.

ஹாக் அங்காடியின் வரலாறு நமக்குக் கற்பிப்பது இதுவே. கட்டடம் நல்லதாக இருக்கலாம். கட்டுபவர் திறமைசாலியாக இருக்கலாம். தூய்மை, ஒழுங்கு என்ற காரணங்களும் உண்மையாகவே இருக்கலாம். எனினும் மனையில் முன்பிருந்தவரையும் நாளை வரப்போகிறவரையும் கேளாமல் எழும் கட்டடம், தன் பிழைக்கு ஏதேனும் ஒரு வடிவில் விலை கொடுத்தே தீரும். அன்று அவ்விலை 7 இலட்சம் ரூபாயாக இருந்தது. இன்று அது ஒரு பூக்காரியின் பிழைப்பாக இருக்கக்கூடும்.

ஆகவே, நேயர்களே, உங்கள் நகரத்தில், உங்கள் வார்டில், ஏதேனும் ஒரு பொதுக் கட்டடத்தின் வரைபடம் பலகையில் ஒட்டப்பெற்றால், அதன்முன் சற்று நில்லுங்கள். அருகில் படிக்கத் தெரியாதவர் இருந்தால் படித்துக் காட்டுங்கள். அவர் கேட்கும் கேள்வியைத் தாளில் எழுதி மன்றத்துக்குக் கொண்டு செல்லுங்கள். கொல்கத்தாவில் மன்றமும் அங்காடியும் அடுத்தடுத்தே நிற்கின்றன. இடையே நடந்து செல்லச் சில நிமிடமே ஆகும். அவ்வழியே நடப்பவர் வேண்டும், அவ்வளவே.